தகரக் கூரை மாதிரி ஒரு ரோடு

மச்சானுடைய ஆட்டோவில் தலவாக்கலையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும்போது கடைசி மூன்று கிலோமீட்டருக்குப் பேச்சு நின்றுவிடும். பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். தை, மாசி வெயிலில் ரோடு காய்ந்ததும் அதன் மேல்மண் சின்னச் சின்ன வரப்புகளாக எழும்பி நிற்கும். குறுக்கே, ஒரே இடைவெளியில், யாரோ கயிறு பிடித்து அளந்து வைத்த மாதிரி. "எவன்டா இப்படி மண்வெட்டியால கொத்தி வச்சது?" என்று மச்சான் வருடா வருடம் கேட்பான். வருடா வருடம் நான் சொல்கிற பதில் அவனுக்குப் பிடிப்பதில்லை. கொத்தியது அவன்தான்.

ஓமானில் வேலை செய்யும் சித்தப்பா மகன் போன வருடம் லீவுக்கு ஊருக்கு வராமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போனான். (சித்தி இன்னும் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.) ரூப் அல் காலியின் ஓரமாக, சரளைப் பாதைகளில், ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அங்கிருந்து அவன் அனுப்பிய முதல் வீடியோவில் ஒட்டகமோ மணல்மேடோ இல்லை. முன்சக்கரமும் அதற்குக் கீழே ஓடுகிற பாதையும்தான். அதே வரப்பு, அதே இடைவெளி. மழையைக் காணாத மணலும், வருடத்தில் பாதி நாள் மழையில் ஊறுகிற எங்கள் செம்மண்ணும் எப்படி ஒரே கோலத்தைப் போடுகின்றன?

சஹாராவில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் இப்படிப்பட்ட பாதையை 'தோல் ஒந்துலே' என்பார்கள். பொலிவியாவின் உயர்ந்த பாலை வெளிகளில் அதற்குப் பெயர் 'கலமினா'. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: அலை அலையாக மடித்த தகரம். லயத்துக் கூரையில் போட்டிருக்கிறோமே, அதேதான். அந்தத் தகரத்தின் கீழே பிறந்து வளர்ந்த நமக்கு ரோட்டைப் பார்த்ததும் கூரை ஞாபகம் வராமல் போனது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

சரி, அலை எப்படி வருகிறது? வண்டியின் ஸ்பிரிங் துள்ளுவதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2007 இல் கேம்பிரிட்ஜ், லியோன், டொரொண்டோ ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு அதைத் தள்ளிவிட்டது. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமான வட்ட மேசையில் மணலைப் பரப்பி, மேசையைச் சுழலவிட்டு, அதன் மேல் ஒரு சின்னச் சக்கரத்தை உருட்டினார்கள். சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. அலை வந்தது. மணலுக்குப் பதிலாக அரிசியைப் போட்டார்கள். வந்தது. பின்னால் செய்த இன்னொரு ஆய்வில் சக்கரத்தையே கழற்றிவிட்டு ஒரு சாய்வான தகட்டை இழுத்தார்கள். அப்போதும் வந்தது.

காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் நின்று தட்டைக் கல்லைச் சாய்த்து வீசியவர்களுக்கு இது உடனே புரியும். வேகம் போதாவிட்டால் கல் முழுகிவிடும். போதுமான வேகம் இருந்தால் தத்தித் தத்திப் போகும். சக்கரமும் அப்படியே. ரோட்டில் எங்கோ ஒரு சின்ன மேடு இருக்கும். வேகமாக வரும் சக்கரம் அதில் ஏறி லேசாக எழும்பி, கொஞ்சம் தள்ளி விழும். விழுந்த இடத்தில் மண்ணைக் குழித்து முன்னால் தள்ளும். அந்தத் தள்ளிய மண்தான் அடுத்த மேடு. அடுத்து வரும் வண்டி அதே இடத்தில் எழும்பி, அதே இடத்தில் விழுந்து, மேட்டை வளர்த்துவிடும். மெதுவாகப் போனால் நேர்மாறு: சக்கரம் எழும்பாது, மேட்டை அமுக்கிச் சமப்படுத்திவிட்டுப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு எல்லை வேகம் இருக்கிறது. வழக்கமான வண்டிகளுக்கு அது மணிக்கு 8 கிலோமீட்டர் அளவில்தான் வரும். மச்சானிடம் சொன்னேன். "எட்டுல போனா ஒரு நாளைக்கு எத்தனை ஹயர் ஓட்டுறது?" என்றான். அதற்கு அந்த ஆய்வில் பதில் இல்லை.

இன்னொன்று: இந்த அலைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. வண்டிகள் போகும் திசையில் மெல்ல மெல்ல நகர்கின்றன. மழை தொட்ட மண் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்து உதிரியாகக் கிடக்கும் மண்தான் இப்படி ஓடும். அதனால்தான் எங்கள் பக்கம் இந்தக் கூத்து தை, மாசியோடு சரி. பிரேக் பிடிக்கிற இடம், வளைவு, சக்கரம் மண்ணைப் பறித்துக்கொண்டு ஏறும் மேடு, இவற்றில் அலை சீக்கிரம் கிளம்பும். மலைநாட்டு ரோட்டில் இவற்றை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

இனி வண்டியின் பாடு. அலைக்கு அலை 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோ மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 12 தடவை அடி விழும். வாகனச் சக்கரங்கள் தாமாகத் துள்ளும் வேகம் பொதுவாக நொடிக்கு 10 முதல் 15 தடவை. ஊஞ்சலை அது வந்து திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போகுமே, அதே கதை. ஷொக் எப்சோபரின் வேலை அந்தத் துள்ளலைப் பிடித்து வெப்பமாக மாற்றுவது. விடாமல் அடி வாங்கினால் உள்ளே இருக்கும் எண்ணெய் சூடேறி, இளகி, நுரைத்து, பிடிப்பை இழந்துவிடும். பாலைவனத்தில் ஜீப் ஓட்டுகிறவர்கள் சிலர் 70, 80 இல் பறப்பார்கள். அந்த வேகத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்க நேரமில்லாமல் மேட்டுக்கு மேடு தாவும். உள்ளே இருப்பவருக்குச் சொகுசாகத்தான் இருக்கும். ஆனால் டயர் பாதி நேரம் காற்றில். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பெயருக்குத்தான்.

சைக்கிள்காரனுக்கு அந்த வழியும் இல்லை. அவன் போவது 10 முதல் 20 கிலோமீட்டருக்குள். அதே அலையில் நொடிக்கு 4 முதல் 8 தடவை அடி விழும். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, குறிப்பாக வயிறும் நெஞ்சும், செங்குத்தான அதிர்வுக்கு மிக அதிகமாக ஆடிப்போவது சரியாக அந்த 4 முதல் 8 க்குள்தான். தம்பி இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. "மூன்றாம் நாளே ஈரலும் குடலும் இடம் மாறிட்டு" என்று மட்டும் எழுதியிருந்தான்.

அவனுடைய சைக்கிளில் உடைந்தவற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பெரிய குழியில் விழுந்து எதுவும் உடையவில்லை. பின்சக்கரத்துக் கம்பிகள் நான்கு, சாமான் கட்டும் கரியரின் ஒரு கால், அப்புறம் எங்கே விழுந்தன என்றே தெரியாமல் தொலைந்த சில நட்டுகள். எல்லாம் சின்ன அடி பல இலட்சம் தடவை விழுந்ததன் விளைவு. கட்டுக்கம்பியைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. இப்படியும் அப்படியும் பத்துத் தடவை மடித்தால் அறுந்துவிடும். உலோகக் களைப்பு என்பது இதுதான். 19 ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் தாங்க வேண்டிய பாரத்தைவிடக் குறைந்த பாரத்திலேயே திடீர் திடீரென்று முறிந்தன. ஓகஸ்ட் வோலர் என்ற ஜெர்மனியப் பொறியியலாளர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்தார். உருக்குக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே எத்தனை தடவை அடித்தாலும் கிட்டத்தட்டத் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. அடி சின்னதானாலும் கணக்கு ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் முறியும். நெடுந்தூரம் போகிறவர்கள் பாரத்தைப் பார்க்காமல் உருக்குக் கரியரைத் தேடுவதற்கு இது ஒரு காரணம். எந்த ஊரிலும் வெல்டிங் அடித்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று.

சக்கரக் கம்பியின் கதை இதைவிட வேடிக்கை. சைக்கிள் பாரத்தைத் தாங்கும்போது கீழே இருக்கும் கம்பி இறுகும் என்றுதானே தோன்றும்? தளர்கிறது. எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே முறுக்கி இழுக்கப்பட்டிருப்பதால், தரையைத் தொடும் பக்கத்தில் ரிம் லேசாக அமுங்கி அங்குள்ள கம்பிகளின் இழுவை குறைகிறது. அந்தப் பக்கம் மேலே போனதும் திரும்ப இறுகுகிறது. 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 490 தடவை சுற்றும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒவ்வொரு கம்பியும் ஐந்து இலட்சம் தடவைக்குக் கிட்டத் தளர்ந்து இறுகுகிறது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் அது வளைந்து நுழையும் இடத்தில்தான் அறும். லூசாகக் கட்டிய கம்பிதான் முதலில் போகும், ஏனென்றால் அது ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தொய்ந்து வெடுக்கென்று இழுபடுகிறது. ஹட்டனில் சைக்கிள் திருத்தும் ஒருவர் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, வீணை மாதிரி ஒவ்வொரு கம்பியையும் தட்டிச் சத்தம் கேட்பார். தம்பி கிளம்புவதற்கு முன் அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

செயினுக்கு எதிரி மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அதற்கு 7. செயினின் உருக்கு அதைவிடக் கீழே. குவார்ட்ஸ் தூளும் எண்ணெயும் கலந்தால் கராஜில் வால்வு தேய்க்கும் பசைதான். அதனால் பாலைவனத்தில் எண்ணெய்க்குப் பதில் மெழுகு போடுகிறார்கள். நம் மலைப்பாறையிலும் குவார்ட்ஸ் தாராளமாக உண்டு, ஆனால் இங்கே மெழுகு நின்றுபிடிக்காது. மழை ஒரே நாளில் கழுவிக்கொண்டு போய்விடும்.

செலவில்லாத மருந்து ஒன்றுதான்: டயரில் காற்றைக் குறைப்பது. டயர்தான் வண்டியின் முதல் ஸ்பிரிங். கொஞ்சம் இளகினால் அடியின் கூர்மை ரிம்முக்குப் போவதற்குள்ளேயே மழுங்கிவிடும். தம்பி இரண்டாவது வாரத்தில் இதைக் கண்டுபிடித்தான். மச்சானுக்கு இது சரிவராது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு காற்றையும் குறைத்தால் டயர் சூடாகிக் கிழிந்துவிடும்.

சித்திரை மழை விழுந்ததும் எங்கள் ரோட்டில் வரப்புகள் கரைந்துவிடும். அந்த இடத்தில் குழிகள் வரும். தாழ்வான இடத்தில் தண்ணீர் தேங்கி மண் இளகும். டயர் விழும்போதெல்லாம் தண்ணீர் பீய்ச்சியடித்து நுண்மண்ணை வெளியே கொண்டுபோகும். குழி ஆழமாக ஆழமாக அடுத்த டயர் இன்னும் பலமாக விழும். தண்ணீர் தேங்குவது ரோட்டோரத்துத் தண்ணீர்க் கான் அடைத்திருப்பதால்; கானை அடைத்திருப்பது மேலே தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் போட்ட குச்சி. போன வாரம் மச்சான் வழக்கம்போலக் கேட்டான், "இந்தக் குழிய எவன்டா தோண்டினது?" இந்தத் தடவை அவன்மேல் பாதிப் பழிதான் போட முடிந்தது. மறுநாள் ஆட்டோவின் பின்சீட்டுக்குக் கீழே ஒரு மண்வெட்டி கிடந்தது. முதலாவது வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, கானுக்குள் இறங்கினான்.