லெப்டினென்ட் ஜெனரல் என்றால் 'துணைத் தளபதி'யா?

"1864 மார்ச்சில் கிராண்ட் துணைத் தளபதி ஆக்கப்பட்டார்." தமிழில் டப்பிங் செய்த ஒரு ஆவணப்படத்தில் நேற்று மறுபடியும் இதைக் கேட்டேன். சரி, அப்போது தளபதி யார்? அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்த மாதத்திலிருந்து வடதரப்புப் படைகள் அனைத்தும் யுலிசஸ் கிராண்டின் கையில். சீருடையில் அவருக்கு மேலே ஒருத்தரும் கிடையாது.

சொல்லின் கதை சின்னது. லத்தீன் வழி வந்த ஜெனரலுக்குப் பொருள் 'பொதுவான'. கேப்டன் ஜெனரல் என்றால் எல்லாப் படைக்கும் பொதுவான தலைவர். அதில் கேப்டன் உதிர்ந்துபோய் ஜெனரல் மட்டும் நின்றது. (இதைப் பிடித்துக்கொண்டு 'பொது கிராண்ட்' என்று எழுதும் இயந்திர மொழிபெயர்ப்பை விட்டுவிடுவோம்.) லெப்டினென்ட் பிரெஞ்சு, இன்னொருவர் இடத்தில் நிற்பவர். 'துணை' வந்தது இங்கிருந்துதான்.

வேர்ப்பொருள் சரி, ஆனால் அது ஒரு ரேங்க், வேலையின் பெயர் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிறகு முழுத் தரநிலையாக யாருக்குமே தராமல் வைத்திருந்ததைத்தான் கிராண்டுக்குத் தந்தார்கள், முன்னாள் தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டுக்குக்கூடக் கௌரவமாக மட்டும்தான் கிடைத்தது. 1865 ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் அப்போமாட்டாக்ஸில் தென்தரப்புத் தளபதி ராபர்ட் லீ சரணடைய வந்தபோது லீ பளபளக்கும் சீருடையில் இருந்தார். கிராண்ட் சேறு படிந்த பூட்ஸும் சாதாரண சிப்பாயின் மேல்சட்டையுமாக உள்ளே வந்தார், ஆள் யார் என்று சொன்னது தோள்பட்டையில் தைத்திருந்த மூன்று நட்சத்திரங்கள்தான். அந்த மூன்று நட்சத்திரம்தான் லெப்டினென்ட் ஜெனரல். அதைப் போய்த் 'துணை' என்றால்?

ஆகவே ரேங்க் ஜெனரலாகவே இருக்கட்டும், பொறுப்பைத் தலைமைத் தளபதி என்போம். "ஜெனரல் ஆங்கிலம், தளபதி தமிழ்" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: தளபதியில் தளமும் வடமொழி, பதியும் வடமொழி. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் படைத்தலைவர் இருக்கிறது, தாராளமாக எழுதுங்கள், ஆனால் அதுவும் பொறுப்பின் பெயர்தான். அப்புறம், தமிழ்நாட்டில் தளபதி என்றதும் யாருக்குப் போர்க்களம் ஞாபகம் வருகிறது, போஸ்டர்தானே! இத்தனைக்கும் கவர்னர் ஜெனரலைத் தலைமை ஆளுநர் என்றும் அட்டர்னி ஜெனரலைத் தலைமை வழக்கறிஞர் என்றும் அழகாகச் சொன்னவர்கள் நாம். பொருள் பார்த்துச் செய்தார்கள். இப்போது சொல்லுக்குச் சொல் அகராதியில் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்தின் உச்சம் கடைசி அத்தியாயத்தில் வந்தது. கிராண்ட் 1869 முதல் 1877 வரை குடியரசுத் தலைவர். பதவியேற்கும்போது ராணுவத் தரத்தை விட்டுவிட்டார். 1884இல் கூட்டாளியின் மோசடியில் பணமெல்லாம் போனது, தொண்டையில் புற்றுநோய். 1885 மார்ச்சில் நாடாளுமன்றம் அவருக்கு ஜெனரல் தரத்தைத் திருப்பிக் கொடுத்தது, சம்பளம் வரட்டும் என்று. படத்தில் இதை "மீண்டும் தளபதியானார்" என்று வாசித்தார்கள். நாலு மாதத்தில் இறந்துபோன மனிதர், எந்தப் படைக்கு?