ரூட் 2-க்கு பகுத்தறிவு இல்லியாம்!

போன வாரம் அக்கா பையன், ஒம்பதாவது படிக்கிறான், முழுப்பரீட்சைக்கு கணக்கு படிக்கிறேன்னு மொட்டமாடில உக்காந்துகினு சத்தமா ஒப்பிச்சினு இருந்தான், "ரூட் 2 ஒரு பகுத்தறிவற்ற எண்." தண்டையார்பேட்டைல கன்டெய்னர் லாரி ஹாரனுக்கு நடுவுல எனக்குதான் தப்பா கேட்டுச்சோன்னு திருப்பி சொல்லச் சொன்னேன், அதேதான் சொன்னான். இன்னாடா, ரூட் 2 எலுமிச்சம்பழம் கட்டினு சுத்துதான்னு கேட்டா, "மாமா, போன்ல வீடியோல அப்டிதான் சொல்றாங்கோ, கீழ எழுத்துலயும் போட்டுக்கீது"ங்கறான். இந்த வார்த்தய நான் கேக்கறது இது நாலாவது தடவயோ அஞ்சாவது தடவயோ, இனிமே சும்மா இருக்க முடியாது.

இங்கிலீஷ்ல இர்ரேஷனல் நம்பர்ங்கறத அப்டியே மாத்தினதுதான் இந்த 'பகுத்தறிவற்ற எண்'. ரேஷனல்ங்கறது லத்தீன் 'ரேஷியோ'ல இருந்து வந்தது, அதுக்கு கணக்குன்னும் அர்த்தம் இருக்கு, புத்தின்னும் அர்த்தம் இருக்கு. அதுக்கும் முன்னாடி கிரேக்கத்துல 'அலோகோஸ்'னு ஒண்ணு, விகிதம் இல்லாதது, சொல்லுல அடங்காததுன்னு ரெண்டு பக்கமும் போகும். அரபுக்காரங்க அத 'செவிடு'ன்னு மாத்தினாங்க, அது லத்தீனுக்கு போய் 'சர்டஸ்' ஆச்சு, அதான் இன்னிக்கு நம்ம கணக்கு கிளாஸ்ல 'சர்டு'. நான் படிக்கும்போது ட்யூஷன்ல பாதி பேரு அத சட்டைன்னே நெனச்சினு இருந்தோம். செவிட்டு எண்ணாம்! சரி, வரலாறு போதும்.

நம்ம பாடபுத்தகத்துல என்ன போட்டிருக்கான்? விகிதமுறு எண், விகிதமுறா எண். பையன் இத 'விகித முறு'ன்னு ஒடச்சி படிச்சிட்டு, முறுன்னா இன்னா மாமா, முறுக்கான்னு கேட்டான். அவன் மேல தப்பில்ல, யாரும் பிரிச்சி சொல்லித் தரல. விகிதம் + உறு, அவ்ளோதான். நோயுற்றான், துன்பமுற்றான்னு சொல்றோமே அதே உறு. ரெண்டு முழுக்கள மேலயும் கீழயும் வெச்சு, கீழ இருக்கறது 0 இல்லாம, விகிதமா எழுத முடிஞ்சா விகிதமுறு. முடியலன்னா விகிதமுறா. வார்த்தையிலயே வரையறை உக்காந்திருக்கு, இங்கிலீஷ்ல படிக்கிற பசங்களுக்குகூட இந்த வசதி கிடையாது.

அப்பவும் அவனுக்கு ஏறல, கேரம் போர்ட கீழ எறக்கினேன். உள்பக்கம் ஒரு ஓரம் 74 சென்டிமீட்டர். மூலைக்கு மூலை டேப் வெச்சா 104.6-அ தாண்டி, 104.7-க்கு முன்னால எங்கியோ நிக்குது. அந்த 74-அ எவ்ளோ பொடிசா வேணா சமமா வெட்டிக்கோ, ஒரு லட்சம் துண்டு போடு, அந்த துண்டால மூலைவிட்டத்த அளந்தா கடைசில கொஞ்சூண்டு மிஞ்சும், இல்லன்னா இடிக்கும், எத்தன ஜென்மம் அளந்தாலும் கரெக்டா உக்காராது. ஏன்னா அது 74 பெருக்கல் ரூட் 2. "அப்ப இதுங்க ரெண்டுக்கும் விகிதமே இல்லியா?"ன்னான். அதாண்டா வார்த்த!

இத எங்க தெரு நண்பர் ஒருத்தர்கிட்ட சொன்னா அவர் சண்டைக்கு வர்றாரு, விகிதம் வடமொழி, பகுத்தறிவு நல்ல தமிழ், அதுலயும் 'பகு' இருக்கே, பகுத்து எழுதற எண் பகுத்தறிவு எண்ணுன்னு வெச்சுக்கக்கூடாதான்னு. அண்ணே, ஆசையா இருக்கு, ஆனா ஒத்து வராது. பகு எண், பகா எண்ணுன்னு ஏற்கெனவே ரெண்டு பேரு அந்த வீட்ல குடியிருக்காங்க. 7 பகா எண், ஆனா 7-அ 7/1-னு எழுதலாம், அதனால விகிதமுறு எண். உங்க கணக்குப்படி பகா எண்ணு பகுத்தறிவு எண் ஆயிடும், பையன் பரீட்ச ஹால்லயே அழுதுடுவான். அதுவும் இல்லாம பகுத்தறிவுன்னதும் இங்க யாருக்கும் எண்ணு ஞாபகம் வராது, பெரியார்தான் வருவாரு. பாவம் பை, வட்டத்துக்கு போடறோமே அந்த π, அதுவும் விகிதமுறா எண்தான், 1914-லயே ராமானுஜன் அதோட நெருக்கத்துக்கு சூத்திரம் சூத்திரமா கட்டுரை போட்டாரு, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 30 ரூபா சம்பளத்துல நம்ம ஹார்பர்லதான் கிளார்க் வேலைக்கு சேந்தாரு, அந்த பைய போய் பகுத்தறிவு இல்லாததுன்னு சொல்ல எப்டி மனசு வருது?

பைன்னதும் ஒண்ணு, 22/7 விகிதமுறுதான், அது 3.142857-னு போய் அந்த ஆறு எண்ணே திரும்ப திரும்ப வரும். பை 3.14159, அது வேற ஆளு. ஒரு மார்க் கேள்வில பாதி பசங்க விழற குழி இதான்.

உண்மையில எனக்கு கடுப்பு அந்த வீடியோ மேலகூட இல்ல. பாடபுத்தகத்த ஒரு தடவ பொரட்டிப் பாத்துட்டு மொழிபெயர்க்கக்கூடாதா? ஃபங்ஷனுக்கு சார்புன்னு இருக்கறத 'செயல்பாடு'ங்கறான், பவருக்கு அடுக்குன்னு இருக்கு, 2-ன் அடுக்கு 3-ங்கறத '2-ன் சக்தி 3'ங்கறான், 'mean'னா சராசரி, அத கேட்டா 'அர்த்தம்'னு வருது. பரீட்சல இத எழுதினா திருத்தறவங்க எந்த சக்தின்னு தேடுவாங்க? கடைல போர்டு எழுதறவர்கூட ஒரு தடவ கேட்டுட்டுதான் எழுதறாரு.

கணக்கு பரீட்ச நேத்து முடிஞ்சிது, விகிதமுறான்னே எழுதிட்டேன்னு சொன்னான். நாளைக்கு அறிவியல், அதுல மோல் கணக்கு இருக்குதாம். ராத்திரி சாப்பிடும்போது தலைய தூக்கி, "மாமா, 1 மச்சம் தண்ணி 18 கிராம், கரெக்டா?"ங்கறான்.