மின்சார காருக்குள் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர்

மின்சார கார் ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால், பதில் காரின் தரைக்கு அடியில் படுத்திருக்கிறது. மோட்டார் பெரிய செலவில்லை. பெட்ரோல் காரில் இருக்கிற கியர்பாக்ஸ், சைலன்சர், ரேடியேட்டர் சமாச்சாரங்களில் பாதி இதில் கிடையாது. காசைத் தின்பது பேட்டரி. அதன் கொள்ளளவை கிலோவாட் மணியில் சொல்வார்கள். நம் வீட்டு இ.பி. பில்லில் வருகிற அதே யூனிட்தான். ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் லித்தியம் அயனி பேட்டரிக்கு 2010 வாக்கில் 1,000 டாலருக்கு மேல் ஆனது. புளூம்பெர்க் என்இஎஃப் நிறுவனம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில், 2024இல் உலகச் சராசரி 115 டாலர். கார் பேட்டரிகளை மட்டும் எடுத்தால் 97 டாலர்.

சாதாரண அளவுள்ள மின்சார கார் ஒரு யூனிட்டில் ஆறு, ஏழு கிலோமீட்டர் போகும். ஆபீஸ், கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏழு யூனிட் இருந்தால் தாராளம். ஆனால் அவர் காசு கொடுத்து வாங்குவது 50, 60 யூனிட் பேட்டரி. எப்போதாவது வெளியூர் போக வேண்டுமே! மற்ற நாளெல்லாம் அந்தப் பேட்டரியின் முக்கால் பங்கு, 200 கிலோவுக்கு மேல் எடையோடு, சும்மா சவாரி செய்துகொண்டிருக்கிறது.

இந்தச் சும்மா சவாரியை ஒழிக்க வந்ததுதான் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர். பேட்டரியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மிச்ச இடத்தில் ஒரு சின்னப் பெட்ரோல் எஞ்சினையும் ஜெனரேட்டரையும் வைத்துவிடுவது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் நிற்கும் ஜெனரேட்டர் மாதிரி, கரன்ட் இருக்கும்வரை அதற்கு வேலை இல்லை. பேட்டரி இறங்கியதும் எஞ்சின் ஓடி மின்சாரம் உற்பத்தி செய்யும். சக்கரத்தைச் சுற்றுவது அப்போதும் மின்மோட்டார்தான். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த டொயோட்டாவின் ஹைப்ரிட் கார்களில் எஞ்சினும் சக்கரத்தைத் தள்ளும்; இதில் தள்ளாது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதன் விளைவுகள் பெரியவை.

யோசனை ஒன்றும் புதிதில்லை. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900இலேயே, பெட்ரோல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்ற, மின்மோட்டார் சக்கரத்தைச் சுற்றும்படி ஒரு வண்டி கட்டினார். நம் ரயில்வேயின் டீசல் எஞ்சின்களில் பெரும்பாலானவையும் இந்த ரகம்தான். உள்ளே உறுமும் டீசல் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, நடுவில் மின்சாரம்.

எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரிப்பதில் என்ன லாபம்? பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குறிப்பிட்ட வேகமும் சுமையும் இருந்தால்தான் எரிபொருள் நன்றாகச் செரிக்கும். சிக்னலில் நின்று நின்று போகும்போது இன்னும் அதிகமாக வீணடிக்கும். ஜெனரேட்டராக ஓடும் எஞ்சினுக்கு அந்தத் தொல்லை இல்லை. தனக்குப் பிடித்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடலாம்; கூடுவதை, குறைவதைப் பேட்டரி பார்த்துக்கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் வெப்ப ஆற்றல் இருக்கிறது. நல்ல எஞ்சின் அதில் 40 சதவீதத்தை வேலையாக மாற்றினால், ஜெனரேட்டர் இழப்பும் போக, கைக்கு வருவது மூன்று, மூன்றரை யூனிட். யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைத்தால் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர்.

சரி, இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நல்ல ஹைப்ரிட் காரும் அதைத் தரும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது இந்த ஏற்பாடு தோற்கக்கூட செய்யும், ஏனென்றால் எஞ்சினின் சுழற்சியை மின்சாரமாக்கி, மறுபடி அதைச் சுழற்சியாக்குவதில் இரண்டு இடத்தில் இழப்பு. அதனால்தான் 2010இல் வந்த ஷெவர்லே வோல்ட், சில நேரங்களில் எஞ்சினின் விசை சக்கரத்துக்கே போகும்படி கிளட்ச் வைத்திருந்தது. 2022இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டும் ஊருக்குள் ஜெனரேட்டர் முறையில் ஓடிவிட்டு, நெடுஞ்சாலையில் எஞ்சினை நேரே சக்கரத்தோடு கோர்த்துவிடும்.

ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதைப் புரிந்துகொள்ள பிஎம்டபிள்யூ ஐ3 காரை விட நல்ல பாடம் கிடையாது. 2014இல் அமெரிக்காவில் இதன் வெறும் மின்சார வகை 41,350 டாலர். அந்நாட்டு அரசின் சோதனைப்படி ஒரு சார்ஜில் 130 கிலோமீட்டர். ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வைத்தது 45,200 டாலர். எஞ்சின் எடை சேர்ந்ததால் மின்சாரத்தில் 116 கிலோமீட்டர்தான், ஆனால் பெட்ரோலோடு 240. கூடுதலாகக் கொடுத்த 3,850 டாலருக்கு வந்தது, பிஎம்டபிள்யூவின் ஸ்கூட்டரிலிருந்து எடுத்த 647 சிசி எஞ்சின். டேங்க் வெறும் 9 லிட்டர். அமெரிக்க வண்டியில் அதையும் மென்பொருளால் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். காரணம் கலிஃபோர்னியாவின் விதி. அந்த மாநிலத்தின் சோதனைக் கணக்கில், பெட்ரோலில் போகும் தூரம் மின்சாரத்தில் போகும் தூரத்தை மிஞ்சக் கூடாது, பேட்டரி ஏறத்தாழ காலியான பிறகுதான் எஞ்சின் கிளம்ப வேண்டும். அப்படி இருந்தால்தான் மின்சார காருக்கு உரிய சலுகை. ஐரோப்பாவில் ஓட்டுநர் முன்கூட்டியே எஞ்சினை ஓடவிட்டு சார்ஜைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது. அமெரிக்காவில் ஆறேழு சதவீதத்துக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது மலை ஏற்றம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ வண்டி, 6 சதவீத ஏற்றம், வேகம் மணிக்கு 110. எடையை மேலே தூக்க மட்டும் கிட்டத்தட்ட 29 கிலோவாட் வேண்டும் (ஒரு கிலோவாட் சக்தியை ஒரு மணி நேரம் தந்தால் ஒரு யூனிட்). காற்றையும் உருளும் டயரையும் சமாளிக்க இன்னொரு 18. மொத்தம் 47. ஸ்கூட்டர் எஞ்சினால் மூச்சுப்பிடித்து 28தான் தர முடியும். மிச்சம் 19 கிலோவாட்டைப் பேட்டரி தர வேண்டும், ஆனால் அதில் மீதி இருப்பது ஒரு யூனிட் சொச்சம். மூன்றரை, நான்கு நிமிடத்தில் அதுவும் காலி. அப்புறம்? கார் நிற்காது, ஆனால் எஞ்சின் தரும் சக்திக்கு ஏற்ற வேகத்துக்கு இறங்கிவிடும். பின்னால் லாரி வரும் நெடுஞ்சாலையில் இது விளையாட்டில்லை. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்கே போட்டார்கள். என்னைக் கேட்டால் பழி அந்த எஞ்சின் மீது இல்லை. சின்ன எஞ்சின் வைத்தால் பேட்டரியில் கணிசமான இருப்பு வைத்திருக்க வேண்டும். விதி அந்த இருப்பைப் பிடுங்கிக்கொண்டது.

அதே காரின் அடுத்த அத்தியாயம் இன்னும் சுவாரசியம். 2019 மாடலில் 42 யூனிட் பேட்டரி வைத்தார்கள். எஞ்சின் இல்லாத அந்த ஐ3 ஒரு சார்ஜில் 246 கிலோமீட்டர் போனது, விலை 44,450 டாலர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் 45,200 டாலர் கொடுத்து, பெட்ரோலும் ஊற்றி, எட்டிய தூரத்தை இப்போது அதைவிடக் குறைந்த விலையில் பேட்டரி மட்டுமே தந்துவிட்டது. ஐரோப்பாவில் பிஎம்டபிள்யூ ரேஞ்ச் எக்ஸ்டெண்டரை 2018இலேயே நிறுத்திவிட்டது. இன்றைய 100 டாலர் கணக்கில் பார்த்தால் அந்த 3,850 டாலருக்கு 38 யூனிட் வரும். சின்ன காருக்கு 230 கிலோமீட்டர். சின்ன காரைப் பொறுத்தவரை விவகாரம் முடிந்துபோனது என்றே சொல்வேன்.

ஆனால் பெரிய வண்டிகளில் கதை வேறு. சீனாவின் லீ ஆட்டோ நிறுவனம் 2019 கடைசியில் லீ ஒன் என்ற ஆறு பேர் அமரும் எஸ்யூவியை விற்க ஆரம்பித்தது. 40.5 யூனிட் பேட்டரி, கூடவே 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், விலை 3,28,000 யுவான். சின்ன எஞ்சின், இருப்பில்லாத பேட்டரி என்ற ஐ3இன் இரண்டு குறைகளும் இதில் இல்லை. சீன நகரங்களில் அடுக்குமாடியில் குடியிருக்கும் பலருக்குச் சொந்த சார்ஜர் கிடையாது. புத்தாண்டு விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நெடுஞ்சாலை சார்ஜர்களில் வரிசை நிற்கும். அவர்களுக்கு இந்த வண்டி கச்சிதமாகப் பொருந்தியது. 2020இல் ஃபோக்ஸ்வேகனின் சீனப் பிரிவுத் தலைவர் இந்தத் தொழில்நுட்பத்தையே கடுமையாக விமர்சித்தார். 2023இல் லீ ஆட்டோ 3,76,030 வண்டிகளை விற்று 1,180 கோடி யுவான் லாபம் காட்டியது. 2024இல் அதே ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஸ்கவுட் நிறுவனம், ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வைத்த பிக்கப்பை அமெரிக்காவில் அறிமுகம் செய்தது!

பிக்கப் வண்டிகளுக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், அவை யூனிட்டுக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான் போகும். பின்னால் டிரெய்லரைக் கட்டி இழுத்தால் அதிலும் பாதி. அதைப் பேட்டரியாலேயே ஈடுகட்டப் போன ஷெவர்லே சில்வராடோ மின்பிக்கப்பில் 200 யூனிட்டுக்கு மேல் பேட்டரி. வண்டியின் எடை 4 டன்னை நெருங்குகிறது. அமெரிக்காவின் ராம் நிறுவனம் முழு மின்சாரப் பிக்கப் திட்டத்தை 2025இல் கைவிட்டு, 92 யூனிட் பேட்டரியும் 3.6 லிட்டர் எஞ்சினும் உள்ள வண்டியைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

நடுத்தர எஸ்யூவியில் இரண்டும் ஏறக்குறைய சமம். சீனாவின் லீப்மோட்டார் பிரிட்டனில் விற்கும் சி10 காரில் 69.9 யூனிட் மின்சார வகையும் உண்டு, 28.4 யூனிட் பேட்டரியோடு 1.5 லிட்டர் எஞ்சின் வைத்ததும் உண்டு. 2025இல் இரண்டுக்கும் 36,500 பவுண்டு, ஒரே விலை. நாற்பது யூனிட் பேட்டரியில் மிச்சம் பிடித்ததை எஞ்சினும் டேங்கும் சைலன்சரும் சாப்பிட்டுவிட்டன என்று கொள்ளலாம்.

விலையோடு முடியவில்லை. எஞ்சின் இருந்தால் ஆயில் மாற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கிலேயே கிடந்தால் கெட்டுப்போகும்; வோல்ட் காரில் ஓட்டுநர் மாதக்கணக்கில் மின்சாரத்திலேயே ஓட்டினால், காரே எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக்கொள்ளும். இன்னொன்று, மனிதர்களின் பழக்கம். சார்ஜ் போட்டும் ஓட்டலாம், பெட்ரோலிலும் ஓட்டலாம் என்றால் பலர் சார்ஜ் போடுவதை மறந்துவிடுகிறார்கள். பிளக் வைத்த ஹைப்ரிட் கார்கள் சாலையில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, ஆய்வகச் சோதனைக் கணக்கைப் போல மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024இல் சொன்னது. பேட்டரி பெரிதாக இருந்தால் இந்தச் சோம்பல் குறையலாம், வீட்டில் பிளக் இருந்தால் இன்னும் குறையும்.

இந்தியாவில் இந்தப் பொறியியல் வாதம் எல்லாவற்றையும் ஜிஎஸ்டி ஓரங்கட்டிவிடுகிறது. மின்சார காருக்கு வரி 5 சதவீதம். ஹைப்ரிட்டுக்கு, நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஞ்சின் வண்டியானால் 18; அதைத் தாண்டினால், 2025 செப்டம்பர் 22 முதல் 40. வரிக்கு முன் 20 லட்சம் ஆகும் ஒரு எஸ்யூவி, மின்சாரமானால் 21 லட்சம். அதே விலைக்குக் கட்டிய ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வண்டி ஹைப்ரிட் கணக்கில் 28 லட்சம். வித்தியாசமாக வரும் 7 லட்சத்துக்கு, 100 டாலர் விலையில், எழுபது யூனிட்டுக்கு மேலேயே பேட்டரி வாங்கிவிடலாம்.