உமிச் சாம்பலில் வெள்ளைதான் உசத்தியா?

ஹாலோ பிளாக் தயாரிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பக்கத்து அரிசி ஆலையில் உமிச் சாம்பல் குவிந்து கிடக்கிறது. சிமெண்டோடு கலக்கலாம் என்கிறார்கள். கறுப்புச் சாம்பல் மட்டம், வெள்ளைதான் உசத்தி என்றும் சொல்கிறார்கள். நம்பலாமா?"

பாதிதான் நம்பலாம்.

ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி வரும். அதை பாய்லரில் எரித்தால் 40 கிலோ அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். மரக்கட்டையை எரித்தால் இவ்வளவு மிஞ்சாது. காரணம் சிலிக்கா. மண்ணீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை நெற்பயிர் தேடித் தேடி உறிஞ்சுகிறது. வேர்ச் செல்களில் அதற்கென்றே ஒரு புரத வாசல் இருப்பதை 2006இல் ஜப்பானில் ஜியான் ஃபெங் மா குழுவினர் கண்டறிந்தார்கள். உறிஞ்சிய சிலிக்காவின் ஒரு பகுதி உமியின் தோலில் போய்ப் படிகிறது. நன்றாக எரிந்த உமிச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்காதான்.

மணலும் பெரும்பாலும் சிலிக்காதானே? ஆனால் மணல் கான்கிரீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. உமிச் சாம்பல் சிமெண்டோடு வினைபுரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மணலில் அணுக்கள் கட்டிய சுவரில் உள்ள செங்கல் போல வரிசையாகப் பூட்டிக் கிடக்கின்றன. உமியில் அவை லாரியிலிருந்து கொட்டிய செங்கல் குவியல். சுவரிலிருந்து ஒரு கல்லை உருவுவது கடினம், குவியலிலிருந்து எடுப்பது எளிது. சிமெண்டிலிருந்து வரும் சுண்ணாம்பின் காரத்தன்மை அப்படித்தான் ஒழுங்கற்ற சிலிக்காவைச் சுலபமாகக் கரைக்கிறது.

சிமெண்டு தண்ணீரோடு சேரும்போது இரண்டு பொருள்கள் உருவாகின்றன. ஒன்று, வலிமை தரும் கால்சியம் சிலிக்கேட் பசை. இன்னொன்று நீர்த்த சுண்ணாம்பு. வலிமைக்குப் பெரிதாக உதவாது, தண்ணீரில் மெல்லக் கரைந்து வெளியேறும். சிமெண்டின் சொந்தக் கழிவு என்றே அதைச் சொல்லலாம். சாம்பலின் சிலிக்கா இந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து மேலும் அதே வகைப் பசையை உண்டாக்குகிறது. ஆலையின் கழிவும் சிமெண்டின் கழிவும் சேர்ந்து கட்டடத்தைத் தாங்குகின்றன. இதைவிட அழகான வேதியியல் எனக்குத் தெரியாது!

ஆனால் எல்லாம் எரிக்கும் சூட்டைப் பொறுத்தது. 500 முதல் 700 டிகிரி செல்சியஸுக்குள் எரித்தால் உமியின் நார்ப்பொருள்களான செல்லுலோஸும் லிக்னினும் எரிந்து போய், அவை இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாகும். சிலிக்கா ஒழுங்கற்றதாகவே இருக்கும். 800 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் எரிந்தால் துளைகள் அடைபடும், அணுக்கள் வரிசைக்கு வந்து கிறிஸ்டோபலைட் என்ற படிகமாகும். கரியும் முழுக்க எரிந்திருக்கும் என்பதால் அந்தச் சாம்பல் நல்ல வெள்ளையாகவும் இருக்கலாம். பார்க்க உசத்தி, வேலைக்கு மணல் மாதிரி. அதன் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். கையாளுபவர்களுக்கு நல்ல முகமூடி கட்டாயம் வேண்டும்.

கறுப்புச் சாம்பலில் இருப்பது எரியாத கரி. அது தண்ணீரைக் குடித்துக் கலவையை இளக்கமில்லாமல் செய்துவிடும். உமியில் உள்ள பொட்டாசியம் சிலிக்காவை மேற்பரப்பில் உருக வைத்துக் கரியை உள்ளே பூட்டிவிடுவதும் உண்டு. அப்புறம் எவ்வளவு எரித்தாலும் கறுப்பு போகாது.

ஆக, நிறம் கரியின் அளவைத்தான் காட்டும். சிலிக்காவின் நிலையைக் காட்டாது. அதற்கு வேறு சோதனை இருக்கிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் அரைத்த சாம்பலைப் போட்டு மின்கடத்துதிறனை அளக்க வேண்டும். நல்ல சாம்பல் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்வதால் அளவு சட்டென்று இறங்கும். மந்தமான சாம்பலில் அதிகம் இறங்காது. கையடக்க மீட்டரே போதும். ஆய்வு நிதியை ஒதுக்குபவர்கள் பெரிய ஆலைகளைத் தாண்டி, இந்த மீட்டரையும் பாய்லருக்கு ஒரு வெப்பமானியையும் சிறு ஆலைகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாம்பல் விலைபோகாமல் கிடப்பதற்கு ஒரு காரணம் வாங்குபவருக்கு அதன் தரம் தெரியாதது.

சோதனையில் தேறிய சாம்பலை மாவாக அரைத்து, சிமெண்டில் 10 சதவீதத்துக்குப் பதிலாகச் சேர்த்துப் பாருங்கள். சில கற்களை 28 நாள் நனைத்து வைத்து, உடைத்துச் சோதித்த பிறகு அளவைக் கூட்டலாம். தேறாத சாம்பலையும் கொட்டிவிட வேண்டாம். உருக்கு ஆலைகளில் உருகிய எஃகின் சூடு போகாமலிருக்க மேலே உமிச் சாம்பலைப் பரப்புவதுண்டு. படிகமான சாம்பலும் அந்த வேலைக்கு உதவும்.