100 ஆடு, 10 லட்சம் மானியம்: அப்ளை பண்றதுக்கு முன்னாடி தீவனக் கணக்கப் பாருங்க

"ஆட்டுப்பண்ணை போட்டா பாதிக் காசு கவர்மெண்டு குடுக்குதாம்"னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அது தேசிய கால்நடை இயக்கம், 2021ல மாத்தியமைச்ச ஸ்கீம். விஷயம் உண்மைதான், ஆனா பத்து ஆடு வாங்கி கொல்லைல கட்டுறதுக்கு இல்ல. இனவிருத்திப் பண்ணைக்குத்தான், குறைஞ்சது 100 பெட்டை 5 கிடா, அதுக்கு மானியம் திட்டச் செலவுல 50 சதவீதம், 10 லட்சம் வரைக்கும். 500 பெட்டை 25 கிடான்னா 50 லட்சம் வரைக்கும் போகும். தனி ஆள், சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் கம்பெனி எல்லாரும் போடலாம், நிலம் குத்தகையா இருந்தாலும் பரவால்ல.

காசு முன்கூட்டி வராது, நிறைய பேர் இங்கதான் சறுக்குறாங்க. ரெண்டு தவணை. லோன்னா பேங்க் அந்த லோன்ல முதல் தவணைய விட்டப்புறம், சொந்தக் காசுன்னா ஷெட்டு கிட்டுனு திட்டச் செலவுல 25 சதவீதம் போட்டு அதிகாரிங்க வந்து பாத்தப்புறம் முதல் பாதி, பண்ணை முழுசா ரெடியானதும் மீதி. நிலம் வாங்க, வாடகைக்கு, சொந்த வண்டிக்கு, அன்றாட நடைமுறைச் செலவுக்கு மானியம் கிடையாது.

அந்த அன்றாடச் செலவுலதான் தீவனம் உக்காந்திருக்கு. 30 கிலோ ஆடு ஒண்ணுக்கு தினம் மூணு நாலு கிலோ பசுந்தீவனம்னு வைங்க, 105 உருப்படிக்கு கிட்டத்தட்ட 400 கிலோ, அதுவும் தினமும். சினைக்காலம் 5 மாசம், குட்டி விக்கிற பருவத்துக்கு வர இன்னும் ஆறேழு மாசம், ஆக முதல் வருஷம் வரவே இல்லாம தீனி மட்டும் போயிட்டிருக்கும். அதனால ஷெட்டு போடும்போதே கோ-5ங்கிற தீவனப்புல் கரணை நட்டுடுங்க, முதல் அறுப்புக்கே 75 நாளுக்கு மேல ஆகும். புல்லு மட்டும் போட்டா புரதம் பத்தாது, கூட வேலிமசால் மாதிரி பயறுவகைத் தீவனமும் வேணும். சாப் கட்டர்ல நறுக்காம நீளமா போட்டீங்கன்னா இலைய மட்டும் உருவித் தின்னுட்டு தண்ட மிதிச்சுப் போட்டுடும் (நானும் ஆரம்பத்துல நறுக்காம போட்டு தினம் தண்டு அள்ளிக் கொட்டினவன்தான்). கிடாவ ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திடணும், இல்லன்னா அதுக்குப் பொறந்த பெட்டைங்க மேலயே சேர்ந்து குட்டி சவலையாயிடும்.

அப்ளிகேஷன் உத்யமிமித்ரா போர்ட்டல்ல ஆன்லைன்ல மட்டும். ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மெண்ட், நிலப் பத்திரம், பயிற்சி சர்டிஃபிகேட், திட்ட அறிக்கை ரெடியா வைங்க. பயிற்சிக்கு பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துல கேளுங்க. அறிக்கைய ஏஜென்ட் ரெடிமேடா நீட்டினா மொதல்ல தீவனப் பக்கத்தத் திருப்புங்க, எத்தன ஏக்கர்ல என்ன புல்லுன்னு அதுல இல்லன்னா திருப்பிக் குடுத்துடுங்க.