இலவச 50 யூனிட்: கேட்டால்தான் கிடைக்கும்

பிப்ரவரி மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. கடல் பக்கத்தில் இருந்தும் காற்றே இல்லை, ஒரே புழுக்கம். பக்கத்து வீட்டு ஆயா மட்டும் மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஃபேனை அணைத்துக்கொண்டிருந்தார். முதியோர் உதவித்தொகை ஒன்றுதான் அவருக்கு வரவு. மாதா மாதம் குறைந்தது 50 யூனிட் மின்சாரம் சும்மா கிடைக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

2003-இல் தென்னாப்பிரிக்க அரசு கொண்டுவந்த இலவச அடிப்படை மின்சாரத் திட்டம் இது. விளக்கு, ரேடியோ, சின்ன டிவி, கொஞ்சம் இஸ்திரி, கெட்டிலில் வெந்நீர், இவ்வளவுக்குத்தான் 50 யூனிட் என்று அன்றைக்குக் கணக்குப் போட்டார்கள். ஃப்ரிட்ஜை அந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை! சில நகராட்சிகள் 50-க்கு மேலும் தருகின்றன.

யாருக்குக் கிடைக்கும்? பெரும்பாலும் நகராட்சியின் வறிய குடும்பப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்களுக்கு. வருமான வரம்பு ஊருக்கு ஊர் வேறு, அதனால் அடுத்த ஊர்க்காரர் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். அடையாள அட்டை, வருமானச் சான்று, மின் கணக்கு அல்லது மீட்டர் எண், இவற்றோடு உங்கள் நகராட்சி அலுவலகத்திலேயே கேளுங்கள். அரசு மின் நிறுவனமான எஸ்காமிடம் நேரடியாக மின்சாரம் வாங்குபவர்களும் அங்கேதான் பதிய வேண்டும். நகராட்சி கொடுக்கும் பட்டியலை வைத்துத்தான் எஸ்காம் தருகிறது. பல ஊர்களில் பதிவை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும்.

பில் வரும் வீட்டில் அந்த 50 யூனிட் பில்லிலேயே கழிந்துவிடும். ப்ரீபெய்டு மீட்டர் என்றால் டோக்கனாக, அதாவது மீட்டரில் அழுத்த வேண்டிய எண்ணாக, வாங்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அந்த மாத டோக்கனை அந்த மாதமே வாங்காவிட்டால் போச்சு, அடுத்த மாதம் 100 ஆகாது. பதிவு முடிந்து ஆயா முதல் தடவை கரண்ட் வாங்கப் போனபோது சீட்டில் இரண்டு 20 இலக்க எண்கள் வந்தன. ஒன்றில் 0 ராண்ட் என்று இருக்கவே, கடைக்காரர் தப்பாக அடித்துவிட்டார் என்று அதை விட்டுவிட்டார். அந்த 0 ராண்ட் எண்தான் இலவச டோக்கன். அப்புறம் நான் போய் அழுத்திக் கொடுத்தேன்.

சரி, வெயில் காலத்தில் 50 யூனிட் எதுவரை தாங்கும்? 50 வாட் ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 15 யூனிட். 9 வாட் எல்இடி பல்பு நான்கு, தினம் ஐந்து மணி நேரம் என்றால் ஐந்தரைக்குள். ஃப்ரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் 30. ஆக மொத்தம் 50-ஐ ஒட்டி வந்துவிடும். ஆயாவின் ஃபேன் தாராளமாக ஓடலாம்.

கெடுப்பது கீஸர். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஒரு தடவைக்கே 7 யூனிட்! யாரும் குளிக்காத நேரத்திலும் ஆறிய சூட்டை ஈடுகட்ட அது மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். இந்தப் புழுக்கத்தில் பச்சைத் தண்ணீரே போதும் என்கிறார் ஆயா. கீஸர் சுவிட்ச் இப்போது சனிக்கிழமை மட்டும், எண்ணெய் தேய்த்துக் குளிக்கத்தான்.