அஞ்சலியும் நினைவேந்தலும்: ஒரு சொல் விளக்கம்

உதகை, குன்னூர், கோத்தகிரி என எந்த ஊர்ப் பேருந்து நிலையச் சுவரைப் பார்த்தாலும் ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற இரண்டு சொற்கள் கண்ணில் படும். நேற்று மறைந்தவருக்கு அவை பொருந்தும். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் இதழ் நடத்திச் சாதி இழிவை எதிர்த்த ஒருவரை நினைவுகூரும் கூட்டத்துக்கும் அதே சொற்கள் பொருந்துமா என்ற கேள்வி, குன்னூரில் நாங்கள் ஓர் அழைப்பிதழ் அச்சிடக் கொடுத்தபோது எழுந்தது. அச்சகத்தில் இரு குத்துவிளக்குகளுக்கு நடுவே ‘கண்ணீர் அஞ்சலி’ என ஆயத்தமாக வைத்திருந்த படிவத்திலேயே அயோத்திதாசரின் பெயரையும் சேர்த்திருந்தார்கள்.

‘அஞ்சலி’ வடமொழிச் சொல். குவித்த இரு உள்ளங்கைகளையும், அவற்றுக்கு நடுவே அமையும் குழிவையும் அது குறித்தது. அக்குழிவு கொள்ளும் அளவுக்கும் அதுவே பெயராயிற்று. மறைந்தோருக்கு இரு கையாலும் நீர் முகந்து விடுவது ‘ஜலாஞ்சலி’ எனப்பட்டது. தமிழில் இச்சொல்லுக்குப் பழைய வரவு உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் ஆடற்கலையின் இணைக்கைகளை, அதாவது இரு கையும் சேர்ந்து காட்டும் முத்திரைகளைச் சொல்லும்போது அஞ்சலியையும் சொல்கிறார். அங்கே அது வணங்கும் கை மட்டுமே. சாவோடு அதற்குத் தொடர்பு இல்லை. பரதநாட்டிய மேடையில் இன்றும் முதலில் ஆடப்படும் புஷ்பாஞ்சலியிலும் துயரம் இல்லை. செய்தித்தாளிலும் சுவரொட்டியிலும் மட்டுமே அஞ்சலி என்பது மறைந்தவருக்கு உரிய சொல்லாகச் சுருங்கிவிட்டது.

கைகளைக் குவிப்பது என்ற முதற்பொருளுக்குக் கைகூப்பு, கைகுவித்தல், தொழுகை என நேரான தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. மறைந்தவரைப் போற்றும் பொருளுக்கு ஒரே சொல் போதாது. இரங்கல் என்பது இருப்பவரின் துயரம். வீரவணக்கம் போராட்டத்தில் உயிர் கொடுத்தவருக்கு உரியது. புகழ்வணக்கம் நல்ல சொல்தான் என்றாலும், வணங்கியதும் செயல் முடிந்துவிடுகிறது. எழுத்தாலும் பாட்டாலும் சமூகத்தை மாற்ற முயன்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பது நினைவேந்தல் என்பதையே.

நினைவு + ஏந்தல் என்று இதைப் பிரிக்க வேண்டும். ‘நினைவு’ என்பதன் இறுதியில் உள்ளது முற்றியலுகரம், அதாவது ஓசை குறையாத உகரம். அடுத்து உயிரெழுத்து வரும்போது, குற்றியலுகரத்தைப் போல அதுவும் சில இடங்களில் மறையும் என்பது நன்னூல் விதி. ஆகவே இதை ‘நினை வேந்தல்’ என்று இடைவெளி விட்டு எழுதுவது பிழை. ஏந்துதல் என்பது கையில் தாங்குவது. குழந்தையை ஏந்துகிறோம், விளக்கை ஏந்துகிறோம். அஞ்சலியின் குவிந்த கைகள் இங்கேயும் இருக்கின்றன, ஆனால் அவை வெறுங்கைகளாக இல்லை. ஈழத்தமிழர் ஆண்டுதோறும் மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடத்தி இச்சொல்லுக்குக் கனம் சேர்த்திருக்கிறார்கள்.

எதை ஏந்துவது என்பதற்கு நீலகிரியிலேயே விடை இருக்கிறது. அயோத்திதாசர் (1845–1914) தம் பொதுவாழ்வின் தொடக்க காலத்தை இம்மலையில் கழித்தவர். அத்வைதானந்த சபையை இங்கேதான் நிறுவினார். 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய வார இதழ் ‘ஒரு பைசாத் தமிழன்’. மறு ஆண்டில் அது ‘தமிழன்’ ஆயிற்று. இழிபெயராக வீசப்பட்ட சொல்லையே தலைப்பாக்கி 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனும் அதற்கு முன் நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்தவர். ஒரு சொல்லை மாற்றுவதும் மீட்பதும் விடுதலையின் பகுதி என்று கண்ட இவ்விருவரையும் போற்றும் கூட்டத்தில் சொல்லில் கவனம் தவறுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொரு பெயரையும் இம்மலை மறக்கக் கூடாது. 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பாட்டன் பாட்டிமாருக்காக இதழ் நடத்தியவர், தஞ்சை மண்ணிலிருந்து இலங்கைக்குச் சென்ற கோ. நடேசய்யர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். மீனாட்சியம்மாளுக்கான நினைவேந்தலில் மாலையைவிட அந்தப் பாட்டுக்கே முதலிடம் வேண்டும்.

வழக்கில் இரண்டு குறிப்புகள். அஞ்சலியைச் ‘செலுத்தினர்’ என்கிறோம். அதே வினையை ஒட்டி ‘நினைவேந்தல் செலுத்தினர்’ என்று எழுதுவது பொருந்தாது. ‘நினைவேந்தினர்’ என்றோ ‘நினைவேந்தல் நடத்தினர்’ என்றோ எழுதலாம். கூட்டத்தோடு சேர்க்கும்போது ‘நினைவேந்தற் கூட்டம்’ என்பது இலக்கண வடிவம். ‘நினைவேந்தல் கூட்டம்’ என்று பிரித்து எழுதுவதும் இன்றைய வழக்கில் ஏற்கப்படுகிறது.

எங்கள் அழைப்பிதழில் குத்துவிளக்குகளை நீக்கச் சொன்னோம். ‘அயோத்திதாசர் நினைவேந்தல்’ என்று தலைப்பிட்டு, அதன் கீழே ‘தமிழன் இதழிலிருந்து ஒரு பக்கம் வாசிக்கப்படும்’ என்று ஒரு வரி சேர்த்தோம்.